‘ஸ்லைட் ஆஃப் ஹேண்ட்’: கை செய்வதும் கண் நம்புவதும்

ஆங்கிலத்தில் ‘ஸ்லைட் ஆஃப் ஹேண்ட்’ என்று ஒரு தொடர் உண்டு. காதால் கேட்டு எழுதச் சொன்னால், நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்கள்கூடத் தடுமாறுவார்கள். நானும் பல வருஷம் தப்பாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். எஸ், எல், ஐ, ஜி, எச், டி. அதாவது ‘லேசான’, ‘சொற்பமான’ என்று பொருள் தருகிற ஸ்லைட். மேஜிக் செய்பவரின் கை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு லேசாக அசைகிறது, அதனால்தான் இந்தப் பெயர் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் பிழை திருத்தியவர் நடுவில் சிவப்பு மையில் ஓர் ‘இ’ செருகியிருந்தார். அவர்தான் தப்பு செய்துவிட்டார் என்று நினைத்து அகராதியைப் பிரித்தேன். அவமானம் எனக்குத்தான்.

ஆனால் அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருந்தது. சரியான எழுத்துக்கூட்டல் எஸ், எல், இ, ஐ, ஜி, எச், டி. உச்சரிப்பு மற்ற ஸ்லைட்டைப் போலவேதான், ‘லைட்’, ‘ஹைட்’ மாதிரி. ‘எய்ட்’, ‘வெயிட்’ என்கிற சொற்களிலும் இதே எழுத்துகள் வருவதால் சிலர் ‘ஸ்லெய்ட்’ என்று படித்துவிடுகிறார்கள். உயரம் என்ற ‘ஹைட்’டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டும் ஒரே மாதிரி எழுதப்பட்டு ஒரே மாதிரி ஒலிக்கின்றன. அது தற்செயல் அல்ல, காரணம் கொஞ்சம் தள்ளி வருகிறது.

பொருள் என்ன? திறமை, தந்திரம், இரண்டும் கலந்தது. யாரையாவது ஏமாற்றுவதற்குப் பயன்படும் திறமை என்று சொல்லலாம். அல்லது, திறமை இல்லாமல் செய்ய முடியாத ஏமாற்று. இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்று போலத் தோன்றினாலும் ஒன்றல்ல. அந்தச் சொல் எண்ணூறு வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

இன்று அது தனியாக நடமாடுவதே அபூர்வம். கிட்டத்தட்ட எப்போதும் ‘ஆஃப் ஹேண்ட்’ என்ற வாலோடுதான் வரும். தமிழில் ‘அக்கம் பக்கம்’ என்போம், ‘அக்கம்’ மட்டும் தனியாக வருவதில்லையே, அந்த மாதிரி. மேஜிக் கலைஞர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்கு ‘ஒரு ஸ்லைட்’ என்றால் கையால் செய்கிற ஒரு குறிப்பிட்ட உத்தி. சீட்டை மறைப்பது ஒரு ஸ்லைட், நாணயத்தை உள்ளங்கையில் ஒளிப்பது இன்னொரு ஸ்லைட்.

மேடைக்கு வெளியே இந்தத் தொடர் பெரும்பாலும் குற்றச்சாட்டாகத்தான் வரும். ஒரு நிறுவனம் இந்த வருஷச் செலவை அடுத்த வருஷக் கணக்கில் தள்ளி லாபம் காட்டினால் அது கணக்கில் செய்த ‘ஸ்லைட் ஆஃப் ஹேண்ட்’. விவாதத்தில் ஒருவர் ஆரம்பத்தில் ‘சுதந்திரம்’ என்ற சொல்லுக்கு ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டு, பாதி வழியில் சத்தமில்லாமல் வேறு அர்த்தத்துக்கு மாறிவிட்டால் அதுவும் அதே. கை எங்கேயும் இல்லை, ஆனாலும் பெயர் அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், ‘கால் ஆஃப் டியூட்டி’ என்ற வீடியோ கேம் விளையாடுகிறவர்களுக்கு இந்தச் சொல் வேறு மாதிரி அறிமுகம். அங்கே ‘ஸ்லைட் ஆஃப் ஹேண்ட்’ என்பது துப்பாக்கியில் வேகமாகத் தோட்டா நிரப்பும் ஆற்றல். ஏமாற்று எதுவும் கிடையாது, வெறும் கைவேகம். ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டக்காரர்களைக் கேட்டால், பிறர் பையில் கைவிடும் திறமை என்பார்கள். ஒரே தொடர், ஒரு விளையாட்டில் நேர்மையான கைவேகம், இன்னொன்றில் திருட்டு. சொல்லுக்குள்ளேயே இருக்கிற அந்தப் பிளவு விளையாட்டுகளிலும் அப்படியே வந்துவிட்டது.

ஒரு நாணயம், இரண்டு கைகள்

சொல்லின் வரலாற்றுக்குப் போவதற்கு முன் ஒரு ஸ்லைட்டைக் கிட்டே நின்று பார்த்துவிடலாம். மேஜிக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் பழகும் உத்திகளில் ஒன்று ‘பிரெஞ்சு டிராப்’.

இடது கையை உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்து, ஒரு நாணயத்தின் விளிம்பைக் கட்டை விரலுக்கும் மற்ற விரல்களின் நுனிக்கும் நடுவில் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கை அதை எடுக்க வருகிறது. வலது கட்டை விரல் நாணயத்துக்கு அடியில் நுழைகிறது, மற்ற விரல்கள் மேலே வந்து மறைக்கின்றன. அந்தத் திரைக்குப் பின்னால் இடது கட்டை விரல் பிடியை விடுகிறது. நாணயம் இடது உள்ளங்கையிலேயே விழுந்துவிடுகிறது. வலது கை, எடுத்துவிட்டது போல மூடிக்கொண்டு விலகிப் போகிறது. இடது கை ஒன்றும் தெரியாதது போலத் தொய்வாகக் கீழே இறங்குகிறது. வலது கையைத் திறந்தால் காற்று.

இதில் விரல் வேலை பாதிதான். மீதி, கண் வேலை. செய்கிறவர் வெறுமையான வலது கையையே பார்க்க வேண்டும். அதில் நாணயம் இருக்கிறது என்று அவரே நம்புவது போலப் பார்க்க வேண்டும். அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் எதிரில் இருப்பவரும் பார்ப்பார். ஒரே ஒரு நொடி இடது கைப்பக்கம் கண் போனால் எல்லாம் போச்சு. புதிதாகப் பழகுகிறவர்கள் விழுவது இங்கேதான். விரல் ஒழுங்காக வேலை செய்யும், கண் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால்தான் முதலில் கண்ணாடி முன் நின்று நிஜமாகவே நாணயத்தை எடுத்துப் பழகச் சொல்வார்கள். பத்து முறை, இருபது முறை, எந்தத் தந்திரமும் இல்லாமல். நிஜமாக எடுக்கும்போது தோள் எப்படி அசைகிறது, மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று தெரிந்தால்தான் பொய்யாக எடுக்கும்போது அதே மாதிரி செய்ய முடியும். கை வேகமாக இருந்தால் கண்ணை ஏமாற்றிவிடலாம் என்பது வெளியில் இருப்பவர்களின் நினைப்பு. உண்மையில் இந்த உத்தியை வேகமாகச் செய்தால் சந்தேகம்தான் வரும். நிதானமாக, சாதாரணமாகச் செய்ய வேண்டும். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீள், நீளம், ஸ்லை, ஸ்லைட்

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ஸ்லை’ என்றொரு சொல் தெரிந்திருக்கும். நரியைச் சொல்லும்போது வரும், ‘தந்திரமான’, ‘கள்ளத்தனமான’ என்று பொருள். ‘ஸ்லைட்’ அந்த ஸ்லையின் பெயர்ச்சொல் வடிவம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எழுத்துக்கூட்டல் அந்த உறவை மூடி மறைத்துவிட்டது.

தமிழில் ‘நீள்’ என்பதிலிருந்து ‘நீளம்’, ‘ஆழ்’ என்பதிலிருந்து ‘ஆழம்’, ‘அகல்’ என்பதிலிருந்து ‘அகலம்’ பிறக்கின்றன. ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்வது ‘த்’ என்று முடியும் விகுதி. லாங் என்றால் நீளமான, லெங்த் என்றால் நீளம். டீப், டெப்த். வைட், விட்த். ஸ்ட்ராங், ஸ்ட்ரெங்த். இந்த வரிசையில் ஸ்லை என்ற சொல்லுக்கும் ஒரு துணை இருந்தது, ஆனால் அதன் வாலில் இருந்த ‘த்’ காலப்போக்கில் ‘ட்’ ஆகிவிட்டது. ‘ஜி, எச்’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வந்ததுதான் காரணம். அந்த எழுத்துகள் இன்று ஊமை, அன்று அவற்றுக்குத் தொண்டையிலிருந்து உரசி வரும் ஒலி இருந்தது. உரசல் ஒலிக்கு அடுத்து இன்னோர் உரசல் ஒலி வந்தால் நாக்குக்குச் சிரமம், எனவே ‘ட்’. ‘ஹை’ என்ற சொல்லிலிருந்து ‘ஹைத்’ வராமல் ‘ஹைட்’ வந்ததும் இப்படித்தான். ‘டிரை’ என்பதற்கும் ‘டிரௌட்’ என்ற வறட்சிக்கும் உள்ள உறவும் இதுவே. ஆக ஹைட்டும் ஸ்லைட்டும் ஒரே அச்சில் வார்த்த இரண்டு சொற்கள்.

இந்த ஸ்லை ஆங்கிலேயர்களின் சொந்தச் சொல் அல்ல. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியே வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்தது. 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்த மடத்தைச் சூறையாடியதில் தொடங்கிய அவர்களின் வரவு, பிறகு குடியேற்றமாக மாறியது. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் பெரிய பகுதி அவர்களின் ஆட்சியில் இருந்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து, பெண் கொடுத்து, பெண் எடுத்து, பேச்சும் கலந்துபோனது. ஆகாயம் என்ற ‘ஸ்கை’, முட்டை என்ற ‘எக்’, ஜன்னல் என்ற ‘விண்டோ’, ஏன், ‘அவர்கள்’ என்ற ‘தே’கூட அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்ததுதான். திறமைக்கு ஆங்கிலத்தில் இன்று எல்லாரும் சொல்லும் ‘ஸ்கில்’ இருக்கிறதே, அதுவும் நார்ஸ். அங்கே அதற்குப் பிரித்தறியும் அறிவு என்று பொருள். எது எது என்று பகுத்துப் பார்க்கத் தெரிவது.

நார்ஸ் மொழியில் ஸ்லை என்பதன் மூலவடிவத்துக்கும் ‘சாமர்த்தியமான, தந்திரமான’ என்றுதான் பொருள். அதற்கும் பின்னால் போகும் சொல்லாராய்ச்சியாளர்கள், ‘அடித்தல்’ என்ற பொருளுள்ள வேரோடு அதைச் சேர்க்கிறார்கள். கொல்வது என்ற ‘ஸ்லே’, சம்மட்டியைக் குறிக்கும் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ எல்லாம் அந்த வேரின் கிளைகள். அடிக்கத் தெரிந்தவன், குறி தப்பாமல் வெட்டத் தெரிந்தவன், அவனே கெட்டிக்காரன். பிறகு கெட்டிக்காரத்தனம் கையிலிருந்து மூளைக்கு ஏறியது.

அப்புறம் அந்த மற்ற ஸ்லைட், நான் பல வருஷம் எழுதிய ‘இ’ இல்லாத ஸ்லைட். அது வேறு குடும்பம். மூலப்பொருள் ‘வழவழப்பான, சமமான’. அதிலிருந்து மெல்லிய, சிறிய, பொருட்படுத்தத் தேவையில்லாத என்று இறங்கி இறங்கி, ஒருவரைப் பொருட்படுத்தாமல் அவமதிப்பது என்ற வினைச்சொல்லாகவும் ஆனது. ஜெர்மனில் இதன் உறவுச்சொல் ‘ஷ்லெஷ்ட்’. இன்று அதற்கு அர்த்தம் ‘கெட்ட’. வழவழப்பில் தொடங்கி, எளிமை வழியாக, கெட்டது வரை. சொற்களை மேட்டில் ஏற்றுவது கடினம், பள்ளத்தில் உருட்டுவது சுலபம் போலிருக்கிறது.

ஒரே சொல், ஸ்வீடனில் பாடவேளை

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஸ்லைட் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. அப்போது அதற்குத் தந்திரம் என்ற பொருளும் இருந்தது, கூடவே அறிவு, விவேகம், கைத்தேர்ச்சி என்ற நல்ல பொருள்களும் இருந்தன. ஒருவரைப் பற்றி ‘ஸ்லை’ என்று சொன்னால் அவர் புத்திசாலி என்று பாராட்டியதாகவும் இருக்கலாம். 1400 வாக்கில் ‘ஆஃப் ஹேண்ட்’ வால் சேர்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நல்ல அர்த்தங்கள் கழன்றுபோய், ஏமாற்று மட்டும் மிச்சமானது.

அதே நார்ஸ் சொல் வடக்கே தன் சொந்த ஊரில் என்ன ஆனது தெரியுமா? ஸ்வீடிஷ் மொழியில் அது ‘ஸ்லோய்ட்’. அர்த்தம்: கைத்தொழில். மரம் செதுக்குவது, நெய்வது, தைப்பது. ஏமாற்றின் சாயல்கூடக் கிடையாது. ஸ்வீடன் பள்ளிகளில் இன்றைக்கும் இது ஒரு கட்டாயப் பாடம். அட்டவணையில் கணக்கு, வரலாறு மாதிரி ஸ்லோய்ட் என்று ஒரு பாடவேளை. ஆங்கிலேயன் காதில் தந்திரத்தின் அண்ணன் தம்பியாக ஒலிக்க வேண்டிய சொல்லுக்குக் குழந்தைகள் ஏப்ரன் கட்டிக்கொண்டு போய் மரக்கரண்டி செதுக்குகிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஒரு கல்வி இயக்கமாகவே வளர்ந்தது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் கைத்தொழிலை ஆரம்பப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். ஸ்வீடனில் ஓட்டோ சாலமன், யோதெபோரி நகருக்கு அருகில் நேஸ் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நிலையம் நடத்தினார். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். குழந்தை தச்சனாக வேண்டும் என்பதல்ல நோக்கம். கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகினால் ஒழுங்கும் பொறுமையும் தன்னால் வரும் என்பது சாலமனின் எண்ணம். அவர்களோடு சேர்ந்து சொல்லும் பயணம் செய்தது. ‘ஸ்லாய்ட்’ என்ற வடிவத்தில் ஆங்கிலத்துக்குள் இரண்டாவது முறையாக நுழைந்தது. மரம் செதுக்கும் சிறிய கத்திக்கு ஸ்லாய்ட் கத்தி என்ற பெயர் இன்றும் உண்டு.

ஆக ஆங்கில அகராதியில் ஸ்லைட் என்றும் ஸ்லாய்ட் என்றும் இரண்டு சொற்கள் சில பக்கங்கள் தள்ளி இருக்கின்றன. ஒன்று கண்ணைக் கட்டுவது, இன்னொன்று கரண்டி செய்வது. பிறப்பு ஒன்று.

கூட்டாளிகள்

ஸ்லைட் மட்டும் இப்படிக் கெட்டுப்போன பிள்ளை என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் திறமைக்கான பழைய சொற்களை வரிசையாக நிறுத்தினால் பாதிக்குமேல் இதே கதைதான்.

‘கிராஃப்ட்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் பலம் என்று பொருள், ஜெர்மனில் அதன் உறவுச்சொல்லுக்கு இன்றும் அதுதான் பொருள். பலம் திறமை ஆனது, திறமை தொழில் ஆனது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ‘கிராஃப்டி’ என்றால் இன்று நயவஞ்சகன். ‘ஆர்ட்’ கலை, ‘ஆர்ட்ஃபுல்’ தந்திரக்காரன். ‘கன்னிங்’ இன்னும் சுவாரசியம். அது ‘அறிதல்’ என்ற பழைய வினையிலிருந்து வந்தது. ‘முடியும்’ என்று நாம் சொல்லும் ‘கேன்’ அதே வேர்தான். அறிந்தவனுக்கே முடியும். 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், எருசலேமை மறந்தால் என் வலது கை தன் ‘கன்னிங்’கை மறந்துபோகட்டும் என்று 137-ஆம் சங்கீதத்தில் ஒரு வரி வருகிறது. இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர், இதென்ன கைக்குக் குள்ளநரித்தனமா என்று விழிப்பார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ‘தொழில்’. வலதுகை தன் தொழிலை மறப்பதாக. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்.

அதே 1611 மொழிபெயர்ப்பில் எபேசியர் நிருபம், 4-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனம். கள்ள உபதேசம் செய்கிறவர்களைப் பற்றிப் பேசும்போது ஸ்லைட், கன்னிங், கிராஃப்டினஸ் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மூன்று கூட்டாளிகளும் ஒரே குற்றப்பத்திரிகையில்! கிரேக்க மூலத்தில் ஸ்லைட் இருக்கும் இடத்தில் உள்ள சொல் பகடையாட்டத்தைக் குறிப்பது. கனசதுரம் என்ற ‘கியூப்’ இருக்கிறதே, அதன் குடும்பம். ஆங்கிலம் பகடையை விட்டுவிட்டு ஸ்லைட்டைப் போட்டது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் போட்ட சொல் ‘சூது’. அதில் சூதாட்டமும் இருக்கிறது, வஞ்சகமும் இருக்கிறது. மூலத்தின் இரண்டு பக்கமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இப்படி ஓர் அதிர்ஷ்டம் எப்போதாவதுதான் அடிக்கும்.

தமிழும் இந்த விஷயத்தில் உத்தமி அல்ல. சூழ்ச்சி என்றால் நமக்கு இன்று சதி. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று குறள் 671 சொல்லும்போது அது ஆலோசனை, தீர யோசிப்பது. தந்திரம் என்ற வடசொல்லுக்கு நூல், முறை, அமைப்பு என்றெல்லாம் பொருள் உண்டு. திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் பெயர் தந்திரம்தான். கைவரிசை என்றால் கையின் தேர்ச்சி. இன்று அந்தச் சொல்லை எங்கே பார்க்கிறோம்? பூட்டிய வீட்டில் மர்ம நபர்கள் கைவரிசை என்ற செய்தித் தலைப்பில். பாவம், நல்ல சொல்.

ஏன் இப்படி? என் கணிப்பு இது. திறமையைச் செய்கிறவர் ஒரு பக்கம், பார்க்கிறவர் இன்னொரு பக்கம். கையின் சொந்தக்காரருக்கு அது பல வருஷப் பழக்கம். எதிரில் இருப்பவருக்கோ எப்படி நடந்தது என்று புரியவில்லை. புரியாத இடத்தில் சந்தேகம் முளைக்கும். சொல்லுக்கு அர்த்தம் வைப்பது பெரும்பாலும் பார்க்கிறவர்கள்தான், அவர்கள்தானே எண்ணிக்கையில் அதிகம். ‘ரொம்ப சாமர்த்தியம்தான்’ என்று யாராவது சொன்னால் அது பாராட்டா குத்தலா என்று குரலை வைத்துத்தானே முடிவு செய்கிறோம்? அந்தக் குரல் பல தலைமுறை ஒரே மாதிரி ஒலித்தால் சொல்லே சாய்ந்துவிடும்.

எதிர்த்திசையில் போனதும் உண்டு. லத்தீனில் மாயவித்தைகளுக்கு ஒரு சொல், அதிலிருந்து வந்தது ‘பிரெஸ்டீஜ்’. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்கு ஏமாற்று, மாயத் தோற்றம் என்று பொருள். பிறகு கண்ணைப் பறிக்கும் பகட்டு, பிறகு மதிப்பு, கௌரவம். இன்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஏறிப்போன அபூர்வச் சொல்.

கிண்ணமும் கூழாங்கல்லும்

கவிழ்த்த கிண்ணங்களுக்கு அடியில் பந்து மாயமாகும் வித்தை மிகப் பழையது. ரோமாபுரியில் இதைச் செய்தவர்களுக்கு, காடி வைக்கும் சிறு கிண்ணத்தின் பெயரே தொழில்பெயரானது. அதே கிண்ணத்தின் பெயரைத்தான் மருத்துவர்கள் நம் இடுப்பெலும்பின் குழிக்கும் வைத்திருக்கிறார்கள், வடிவம் அப்படி. தமிழில் செப்பிடு வித்தை என்கிறோம், செப்பு என்றால் சிமிழ். இரண்டு மொழியும் தனித்தனியே பாத்திரத்தை வைத்தே வித்தைக்குப் பெயரிட்டிருக்கின்றன.

முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செனெகா என்ற தத்துவ ஞானி, தன் 45-ஆம் கடிதத்தில் வார்த்தை ஜாலம் செய்கிறவர்களைப் பற்றி எழுதும்போது இந்தக் கிண்ணத்தையும் கூழாங்கல்லையும் இழுக்கிறார். அந்த ஏமாற்றுதான் எனக்குச் சந்தோஷம் தருகிறது, எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டிவிட்டால் எனக்கு அதில் ருசி போய்விடும் என்கிறார். விவாதத்தில் செய்கிற தில்லுமுல்லுக்கு மேஜிக்கை உவமை சொல்லும் இன்றைய பழக்கம் அவ்வளவு பழையது.

எல்லாரும் செனெகாவைப் போல ரசித்துவிட்டுப் போகவில்லை. புரியாத கைவேலையைப் பேய் பிசாசோடு முடிச்சுப் போட்ட காலமும் இருந்தது. 1584-இல் ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர் சூனியக்காரிகள் என்று பெண்களை வேட்டையாடுவதை எதிர்த்து ஒரு தடித்த நூல் எழுதினார். அதில் பந்து, நாணயம், சீட்டு வித்தைகளை எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டினார். சாத்தான் வேலை இல்லையப்பா, விரல் வேலை என்று சொல்வதற்காக. மேஜிக் உத்திகளை ஆங்கிலத்தில் விளக்கிய மிகப் பழைய அச்சு நூல்களில் ஒன்றாக அது இப்போதும் பேசப்படுகிறது. உயிர் காக்க எழுதியதை மேஜிக் கற்றுக்கொள்கிறவர்கள் பாடநூலாக எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்காட் காலத்தில் இந்த வித்தைக்கு இன்னொரு பெயர் பிரபலமாக இருந்தது: ‘லெஜர்டிமெய்ன்’. பிரெஞ்சிலிருந்து வந்தது, ‘கை லேசானவன்’ என்பது அதன் நேர்ப்பொருள். 19-ஆம் நூற்றாண்டில் ‘பிரெஸ்டிடிஜிடேஷன்’ என்று இன்னொன்றும் வந்தது, விரல்வேகம் என்று பொருள்படும்படி கோத்த சொல். சொல்வதற்கே ஒரு கைவித்தை வேண்டும், அதை விட்டுவிடலாம்.

லெஜர்டிமெய்ன் விஷயம் அப்படியல்ல. மேஜிக் பற்றிய ஒரு பத்தியில் ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் என்று வந்தால் தமிழில் என்ன எழுதுவது என்று முன்பெல்லாம் குழம்புவேன். கணக்கிலோ விவாதத்திலோ நடக்கும் ஏமாற்று என்றால் கண்கட்டு வித்தை, தில்லுமுல்லு, கண்ணில் மண்ணைத் தூவுவது என்று இடத்துக்குத் தகுந்தபடி ஏதோ ஒன்று கிடைத்துவிடும். ஏமாற்றின் வாடை இல்லாமல், விரலின் அழகை மட்டும் சொல்ல வேண்டும் என்றால்தான் சிக்கல். இப்போது ‘கை லாகவம்’ என்று எழுதுகிறேன். பேச்சில் லாவகம் என்போமே, அதுதான். லாகவம் என்பது லகு என்ற வடசொல்லிலிருந்து வந்தது, லகு என்றால் லேசானது. பிரெஞ்சுக்காரன் ‘கை லேசு’ என்று சொன்னதையே நாமும் சொல்கிறோம். இன்னொன்றும் உண்டு. லெஜர்டிமெய்னின் முதல் பாதிக்குப் பின்னால் இருக்கும் லத்தீன் சொல்லும், வடமொழியின் லகுவும், எடை குறைந்தது என்று பொருள்படும் ஆங்கில ‘லைட்’டும் ஒரே வேரின் பிள்ளைகள். மேஜிக்காரரின் கை லேசாக அசைவதால்தான் அந்தப் பெயர் என்று நான் பல வருஷம் நம்பியது, ஸ்லைட்டுக்குப் பொருந்தாவிட்டாலும் லாகவத்துக்குப் பொருந்துகிறது.